54-ஆ 56-ஆ, கார்பனா அலுமினியமா: புது ரோடு பைக் எடுக்கப் போகிறவருக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். உயரம் 172 செ.மீ., இன்சீம் (கால்களின் உட்பக்க நீளம்) 81 செ.மீ. இரண்டு வருடமாக நேர் ஹேண்டில்பார் வைத்த ஹைப்ரிட் ஓட்டுகிறீர்கள். இனி வார இறுதிகளில் 80, 100 கி.மீ. போகவும் மலைப்பாதை ஏறவும் ஒரு ரோடு பைக் வேண்டும். ஒருவர் 54 அளவு ஃப்ரேம் எடு என்கிறார், இன்னொருவர் 56 தான் சரி என்கிறார். அதே பணத்துக்கு கார்பன் ஃப்ரேமும் சுமாரான கியர் செட்டும் கிடைக்கிறது, அலுமினிய ஃப்ரேமும் நல்ல கியர் செட்டும் கிடைக்கிறது. எதை எடுப்பது, எலக்ட்ரானிக் கியர் தேவையா என்பது மீதிக் கேள்வி.

முதலில் கார்பனா அலுமினியமா என்பதை ஒதுக்கி வையுங்கள், கடைசியில் வருவோம். அளவு தப்பினால் எந்த ஃப்ரேமும் உங்களுக்கு உதவாது. இதை நான் உடம்பால் தெரிந்துகொண்டவன். என் முதல் ரோடு பைக் 56. எனக்குச் சரியானது 54. நிறம் பிடித்திருந்தது, அந்த அளவுதான் கைவசம் இருந்தது, "ஸ்டெம்மைச் சின்னதாகப் போட்டால் சரியாகிவிடும்" என்றார்கள் (ஹேண்டில்பாரை ஃப்ரேமோடு இணைக்கும் துண்டுதான் ஸ்டெம்), நம்பி எடுத்தேன். 110 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றிவிட்டு 70 போட்டேன். அப்போதும் நாற்பது கிலோமீட்டர் தாண்டினால் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துவிடும். வீட்டுக்கு வந்து ஹெல்மெட் கொக்கியை அவிழ்க்கக்கூட அந்த விரல்கள் ஒத்துழைக்காது. உள்ளங்கையின் வெளிப்பக்கமாகப் போகும் நரம்பு அழுந்துவதால் வருவது அது. கையுறை மாற்றினேன், பார் டேப்பை இரட்டையாகச் சுற்றினேன், ஒன்றும் பலிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஃப்ரேமை மாற்றியபோது, அந்த மாதமே மரப்பு நின்றது. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

54, 56 என்ற எண்களுக்கு ஒரு காலத்தில் பொருள் இருந்தது. ஃப்ரேமின் மேல்குழாயான டாப் டியூப் தரைக்கு இணையாக இருந்த நாட்களில், பெடல் அச்சிலிருந்து, சீட்டுக்குக் கீழுள்ள குழாயான சீட் டியூபின் உச்சி வரை எத்தனை சென்டிமீட்டரோ அதுதான் ஃப்ரேமின் அளவு. 1990களின் பிற்பகுதியில் மைக் பரோஸ் வடிவமைத்த ஜயன்ட் டி.சி.ஆர். போன்ற சைக்கிள்கள் டாப் டியூபைப் பின்பக்கம் சரித்தன. சீட் டியூப் குட்டையானது, சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட் நீண்டது. அப்போதிலிருந்து 54 என்பது வெறும் பெயர். ஒரு நிறுவனத்தின் 54 இன்னொரு நிறுவனத்தின் 56-க்குச் சமமாக இருக்கலாம். உங்களுக்கு ஆலோசனை சொன்ன இருவரும் வெவ்வேறு நிறுவனத்தின் பைக்கை ஓட்டுகிறவர்களாக இருந்தால், இருவர் சொன்னதும் சரியாகவே இருக்கக்கூடும்.

எந்த நிறுவனத்தின் ஃப்ரேமையும் ஒரே தராசில் நிறுத்த உதவும் அளவுகள் இரண்டு: ஸ்டாக், ரீச். பெடல் சுழலும் அச்சின் நடுப்புள்ளியை, அதாவது பாட்டம் பிராக்கெட்டின் மையத்தைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து, முன்சக்கர ஃபோர்க்கைத் தாங்கும் குழாயான ஹெட் டியூபின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். 2000களில் செர்வேலோ நிறுவனம் இதைப் பரவலாக்கியது, இன்று எல்லா நிறுவனமும் ஜியாமெட்ரி (ஃப்ரேமின் நீள, கோண அளவுகள்) அட்டவணையில் கொடுக்கிறது. பைக்கின் படத்தைப் பார்க்கும் நேரத்தில் பாதியை இந்த அட்டவணைக்குக் கொடுங்கள்.

அட்டவணையைப் படிப்பதில் ஒரு வழுக்கல் உண்டு. ஒரு பைக்கில் ஸ்டாக் 540, ரீச் 385 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றில் ஸ்டாக் 570, ரீச் 378. பார்த்ததும் இரண்டாவதுதான் 7 மி.மீ. குட்டை என்று தோன்றும். ஆனால் உங்கள் கை இருக்க வேண்டிய உயரம் ஒன்றுதான். முதல் பைக்கில் அந்த உயரத்தை எட்ட, ஸ்டெம்முக்குக் கீழே ஸ்பேசர் வளையங்கள் போட்டு 30 மி.மீ. தூக்க வேண்டும். ஹெட் டியூப் நேர் செங்குத்தாக நிற்பதில்லை, 73 டிகிரியில் பின்னால் சாய்ந்திருக்கிறது. மேலே ஏற ஏற ஹேண்டில்பார் உங்களை நோக்கி வரும், 30 மி.மீ. உயரத்துக்குச் சுமார் 9 மி.மீ. ஆக முதல் பைக்கின் ரீச் அந்த உயரத்தில் 376 தான். குட்டையாகத் தெரிந்த இரண்டாவது பைக் உண்மையில் 2 மி.மீ. நீளம். ஸ்டாக்கைச் சமப்படுத்தாமல் ரீச்சை ஒப்பிடக் கூடாது என்பது இதனால்தான்.

டாப் டியூப் நீளத்தை வைத்து ஒப்பிடுவதிலும் இதே சிக்கல். இரண்டு ஃப்ரேமிலும் டாப் டியூப் 550, ஸ்டாக் 560 என்று இருக்கட்டும். ஒன்றில் சீட் டியூப் 73 டிகிரி, மற்றதில் 74. முதலாவதின் ரீச் 379, இரண்டாவதின் ரீச் 389. ஒரே நீளம் என்று நினைத்து எடுத்தால் ஒரு முழு சென்டிமீட்டர் மாறிவிடுகிறது. ஏனென்றால் சீட் பெடலுக்கு எவ்வளவு பின்னால் இருக்க வேண்டும் என்பதை உங்கள் தொடைதான் தீர்மானிக்கிறது, ஃப்ரேம் அல்ல. 74 டிகிரி ஃப்ரேமிலும் நீங்கள் சீட்டைப் பின்னால் தள்ளி அதே இடத்தில்தான் உட்காருவீர்கள்.

சரி, உங்களுக்கு வேண்டிய ஸ்டாக்கும் ரீச்சும் என்ன? இன்சீமிலிருந்து தொடங்குவோம். 81 என்பதைக் கால்சட்டை அளவிலிருந்து சொல்லியிருந்தால் திரும்ப அளக்க வேண்டும். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி, பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி, சீட்டில் உட்காரும்போது படும் அழுத்தம் வரும்வரை மேலே இழுங்கள். புத்தகத்தின் ஒரு விளிம்பு சுவரோடு ஒட்டியிருக்கட்டும், அப்போதுதான் சாயாது. மேல் விளிம்பிலிருந்து தரை வரை இன்னொருவர் அளக்க வேண்டும். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். முதல் அளவு பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் குறைவாகவே வரும், கூச்சத்தில் சரியாக அழுத்தியிருக்க மாட்டோம்.

81 உறுதியானால் சீட் உயரத்துக்கு இரண்டு பழைய கணக்குகள் உண்டு. அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பெயரில் வழங்குவது, இன்சீமை 0.883 ஆல் பெருக்குவது. பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை 71.5 செ.மீ. வருகிறது. இன்னொன்று 1967இல் ஹாம்லி, தாமஸ் என்ற ஆய்வாளர்கள் சொன்னது: பெடல் மிகத் தள்ளி இருக்கும் நிலையில், அதிலிருந்து சீட் வரை இன்சீமின் 109 சதவீதம். 88.3 வருகிறது. அதில், பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் 17 செ.மீ.யைக் கழித்தால் 71.3. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. 71-இல் தொடங்குங்கள். இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட் உயரம் அதிகம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் தாழ்வு. மாற்றும்போது ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள், மாற்றிய பிறகு இரண்டு மூன்று நாளாவது ஓட்டிப் பாருங்கள்.

172-க்கு 81 என்பது நடுத்தரமான கால்நீளம், 47 சதவீதம். முதுகும் காலும் சம விகிதத்தில் இருக்கிற உடம்பு. ஹைப்ரிடிலிருந்து வருகிறவர், நீண்ட தூரம் போக நினைக்கிறவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஸ்டாக் 555 முதல் 570 வரை, ரீச் 373 முதல் 382 வரை உள்ள ஃப்ரேமைத்தான் நான் தேடுவேன். பல நிறுவனங்களில் அது எண்டியூரன்ஸ் வகையின், அதாவது நீண்ட தூரம் நிமிர்ந்து ஓட்ட ஏற்ற வகையின், 54 ஆக இருக்கும். ரேஸ் வகையின் 54-இல் ஸ்டாக் 540 பக்கம் இருக்கும். ரேஸ் 56-இல் ஸ்டாக் 560-ஐத் தொடும், ஆனால் ரீச் 390-ஐ நெருங்கிவிடும். உங்கள் நண்பர்களுக்குள் இருந்த சண்டை இதுதான். உயரத்துக்காக 56 எடுத்தால் நீளம் தொல்லை தரும், நீளத்துக்காக 54 எடுத்தால் ரேஸ் ஜியாமெட்ரியில் குனிய வேண்டியிருக்கும். எண்டியூரன்ஸ் ஃப்ரேம் இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் இருக்கிறது. "அது வயதானவர்களுக்கு" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்து அரைமணி நேரம் ஓட்ட முடிகிற உயரமான ஃப்ரேம், கீழே கையே வைக்க முடியாத தாழ்வான ஃப்ரேமைவிட வேகமானது.

இந்த எண்களை அப்படியே நம்பி வாங்கவும் வேண்டாம். ரோடு பைக் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் வண்டி உங்களுக்கு ஓரளவு ஒத்துவந்தால், ஒரு நாள் வாங்கி இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு அதை அளந்துவிடுங்கள். சமதளத் தரையில் பின்சக்கரம் சுவரைத் தொடும்படி நேராக நிறுத்துங்கள். சுவரிலிருந்து பாட்டம் பிராக்கெட் மையம் வரை, சுவரிலிருந்து ஹெட் டியூபின் உச்சி மையம் வரை இரண்டு அளவு எடுத்துக் கழித்தால் ரீச். தரையிலிருந்து அதே இரண்டு புள்ளிகளின் உயரத்தை எடுத்துக் கழித்தால் ஸ்டாக். ஸ்டெம் நீளம், அதன் கீழுள்ள ஸ்பேசர்களின் உயரம், சீட்டின் நுனியிலிருந்து ஹேண்டில்பார் நடு வரை உள்ள தூரம் இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முதுகு நீண்டுபோனதா, கழுத்து வலித்ததா, கை அழுந்தியதா என்று பக்கத்திலேயே எழுதிவைத்தால், கடையில் எந்த வண்டி முன்னால் நின்றாலும் அந்தத் தாளை வைத்துப் பேசலாம்.

ரீச் ஏறக்குறைய ஒத்துப்போய், இரண்டு அளவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், ஸ்டெம்மைப் பாருங்கள். 90 முதல் 110 வரை ஸ்டெம் போட்டு உங்கள் நிலை அமைகிற ஃப்ரேமே உங்களுடையது. 70-க்குப் போக வேண்டியிருந்தால் ஃப்ரேம் பெரிது. 120-க்கு மேல் போனால் சிறிது. ஸ்பேசருக்கும் எல்லை உண்டு. ஸ்டெம் பூட்டப்படும் ஸ்டியரர் டியூப் கார்பன் என்றால் பல தயாரிப்பாளர்கள் 30, 40 மி.மீ. என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், கையேட்டில் இருக்கும்.

இனி உடம்பு வண்டியைத் தொடும் இடங்கள். மற்ற பாகங்களுக்கு முன்னால் இவற்றை முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் புது பைக்கோடு வருபவை எல்லாருக்குமான சராசரி அளவு.

ஹேண்டில்பார் அகலம் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ள அகலத்தை ஒட்டியது. உங்கள் உயரத்தில் பெரும்பாலும் 400 போதும், 54 ஃப்ரேமில் 420 வருவது சாதாரணம். பாரின் சொந்த ரீச்சையும், அதாவது பார் முன்னால் நீளும் தூரத்தையும், பாருங்கள். 70 உள்ள பாருக்கும் 80 உள்ள பாருக்கும் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர் ஸ்டெம் மாற்றியதற்குச் சமம், இதை யாரும் சொல்வதில்லை.

கிராங்க் நீளத்தில் கடந்த சில வருடங்களில் காற்று திசை மாறியிருக்கிறது. முன்பு 54 என்றால் 172.5 மி.மீ. என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டார்கள். 176 செ.மீ. உயரமுள்ள பந்தய வீரர் தடேய் போகச்சார் 2024 சீசனில் 165-க்கு மாறினார். சிறிய கிராங்கில் பெடல் மேலே வரும்போது இடுப்பு குறைவாக மடங்கும், குனிந்து ஓட்டும்போது வயிறும் தொடையும் முட்டாது. உங்களுக்கு 170 நல்லது, 165 கிடைத்தாலும் தயங்க வேண்டாம். கிராங்க் 5 மி.மீ. குறைந்தால் சீட்டை 5 மி.மீ. உயர்த்த வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

சீட் மிகத் தனிப்பட்ட விஷயம். நெளி அட்டைத் துண்டு ஒன்றை மரப் படிக்கட்டில் போட்டு, முழங்கால் சற்று உயரும்படி உட்கார்ந்து எழுந்தால் உட்காரும் எலும்புகள் இரண்டும் பள்ளம் பதிக்கும். பள்ளங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, சுமார் 20 மி.மீ. கூட்டினால் சீட்டின் அகலத்துக்கு ஒரு தொடக்கம் கிடைக்கும். மெத்தென்ற சீட் கடையில் சுகம், அறுபதாவது கிலோமீட்டரில் அது எலும்பைத் தாங்காமல் நடுவே உள்ள மென்சதையை அழுத்தும். அளவான மெத்தையும் சரியான அகலமும்தான் வேண்டும்.

கை மரத்துப்போவதற்கும் சீட்டுக்கும் உறவு உண்டு, இது எனக்குத் தாமதமாகவே புரிந்தது. நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் வண்டியை நிறுத்தி, பிரேக் லீவரின் ரப்பர் பிடியில் கை வைத்து ஓரளவு வலுவாக மிதியுங்கள். கைகளை லேசாகத் தூக்குங்கள். உடனே முன்னால் விழப் போகிறீர்கள் என்றால் சீட் மிக முன்னால் இருக்கிறது, அல்லது அதன் நுனி கீழே சாய்ந்திருக்கிறது. எடையைக் கை சுமக்கிறது. சீட்டை 5 மி.மீ. பின்னால் தள்ளி, அதற்கேற்ப உயரத்தை மிகச் சிறிதே குறைத்து மறுபடி பாருங்கள்.

பெடலில் நீண்ட விவாதம் தேவையில்லை. 1985இல் பெர்னார்ட் ஈனோ லுக் நிறுவனத்தின், காலணியைப் பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடலோடு டூர் டி பிரான்ஸை வென்றதிலிருந்து மூன்று போல்ட் கிளீட்தான் (காலணியின் அடியில் பூட்டும் துண்டு) ரோட்டின் வழக்கம். இறங்கி நடக்க வேண்டிய பயணங்கள் அதிகம் என்றால், கிளீட் காலணியின் அடிப்பகுதிக்குள் அமுங்கியிருக்கும் இரண்டு போல்ட் எஸ்.பி.டி. எடுங்கள். முதல் மாதம் தட்டைப் பெடலில் ஓட்டினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

இப்போது டயர். முழு பைக்கிலும் நீங்கள் உணரும் வசதியில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. ஃப்ரேம் கார்பனா அலுமினியமா என்பது டயருக்குப் பின்னால் நிற்கும் கேள்வி. 23 மி.மீ. டயரிலிருந்து 28-க்குப் போனால் குறுக்குவெட்டின் பரப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. அவ்வளவு காற்று கூடுவதால் அழுத்தத்தைக் குறைக்கலாம். 75 கிலோ ஆளுக்கு 28-இல் சுமார் 70 பி.எஸ்.ஐ., 32-இல் 55, 60 போதும். கல்போல் காற்றடித்தால் வேகம் கூடும் என்பது வழவழப்பான தளத்துக்கு மட்டும் பொருந்தும். சொரசொரப்பான ரோட்டில் கெட்டியான டயர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் உங்களையும் மேலே தூக்கிப் போடுகிறது, அந்தத் தூக்கலுக்கான சக்தி உங்கள் காலிலிருந்துதான் போகிறது. ஆகவே ஃப்ரேம் எடுக்கும்போது குறைந்தது 32 மி.மீ. டயருக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இதற்கு டிஸ்க் பிரேக் உதவுகிறது. வழக்கமான ரிம் பிரேக் 28-க்கு மேல் இடம் தருவது அரிது. 2018இல் சர்வதேச சைக்கிள் அமைப்பான யு.சி.ஐ. ரோடு பந்தயங்களில் டிஸ்க்கை முழுமையாக அனுமதித்த பிறகு புதிய ஃப்ரேம்கள் ஏறக்குறைய எல்லாம் டிஸ்க்தான். ஹைட்ராலிக் டிஸ்க் எடுங்கள். நீண்ட இறக்கத்தில் ஒரு விரலால் நிறுத்த முடிகிறபோது அதன் அருமை தெரியும்.

டியூப்லெஸ் நல்லது, ஆனால் முதல் ரோடு பைக்கில் கட்டாயமில்லை. மெல்லிய நல்ல டியூபும் வளைந்து கொடுக்கும் டயரும் போதுமான சுகம் தரும். சக்கரத்தில் ஹுக்லெஸ் ரிம், அதாவது டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ரிம், இருந்தால் மட்டும் எச்சரிக்கை: அதற்கு அழுத்த வரம்பு 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட டயர்களை மட்டுமே அதில் போட வேண்டும். உங்கள் எடை அதிகம் என்றால் நான் ஹுக் உள்ள ரிம்மையே எடுக்கச் சொல்வேன்.

கியர் விகிதத்துக்கு வருவோம். கியர் செட்டின் பெயரைவிட இதுதான் மலையில் பேசும். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் உருள்கிறது. ரேஸ் பைக்கில் வரும் 52/36 செயின்ரிங்கும் (முன் பல்சக்கரங்கள்) 11-28 கேசட்டும் (பின் பல்சக்கரங்கள்) எடுத்துக்கொள்வோம், எண்கள் பற்களின் எண்ணிக்கை. மிகக் குறைந்த கியர் 36-க்கு 28, ஒரு மிதிச்சுற்றுக்கு 2.7 மீட்டர். 8 சதவீத ஏற்றத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று, அதாவது முழங்கால் தாங்கக்கூடிய குறைந்தபட்ச வேகம் என்று நான் நினைப்பது, மிதிக்க வேண்டுமென்றால் மணிக்கு 9.7 கி.மீ. போயாக வேண்டும். நீங்கள், வண்டி, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 86 கிலோ என்றால் அதற்குச் சுமார் 195 வாட் தேவை. இப்போது 50/34-ம் 11-34 கேசட்டும். குறைந்த கியர் 34-க்கு 34, ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர். அதே 60 சுற்றுக்கு 150 வாட் போதும். 195 வாட்டை ஒரு மணி நேரம் தாங்குகிறவர்கள் பலர் இருக்கலாம், ஆனால் ஓட்டத் தொடங்கிய புதிதில், அதுவும் எண்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, அது வேறு கதை. 150 பெரும்பாலோரால் முடியும். மறுமுனையில் 50-க்கு 11-ஐ 90 சுற்றில் மிதித்தால் மணிக்கு 51 கி.மீ. வரும். அதற்கு மேல் வேகம் வேண்டும் இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்திக் குனிந்துகொள்ளலாம். 50/34-ஐயும் 34 அல்லது 36 பல் கொண்ட கேசட்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்ராம் நிறுவனத்தின் பக்கம் போனால் 46/33, 10-36 என்று இன்னும் இலகுவான அமைப்பு உண்டு.

கியர் செட்டில் என் எல்லைக்கோடு இது. ஷிமானோ நிறுவனத்தின் கீழ்வரிசைக் கியர் செட்டுகளான கிளாரிஸ், சோராவில் ஹைட்ராலிக் பிரேக் லீவர் இல்லை, அதனாலேயே உங்கள் தேவைக்கு அவற்றைத் தவிர்ப்பேன். டியாக்ராவில் 10 கியரோடு ஹைட்ராலிக் கிடைக்கிறது, நன்றாகவே வேலை செய்யும். 105 மெக்கானிக்கலுக்கு 2023இல் 12 கியர் வந்துவிட்டது, 11-34, 11-36 கேசட்டுகளோடு. பணம் எட்டினால் அங்கே நில்லுங்கள். அதற்கு மேல் அல்டெக்ரா, டியூரா-ஏஸ் என்று போகப் போக எடை குறையும், ஓட்டத்தில் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு.

எலக்ட்ரானிக் கியர் அருமையானது, அதை மறுக்கவில்லை. 2009இல் டியூரா-ஏஸில் தொடங்கி இப்போது 105 வரை வந்துவிட்டது. பொத்தானைத் தொட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி மாறும், கேபிள் இழுபட்டுத் தளர்வது இல்லை. கை வலு குறைந்தவர்களுக்கும் சிறிய கை உள்ளவர்களுக்கும் உண்மையான உதவி. ஆனால் உங்கள் பட்ஜெட்டில் அதை நுழைக்க வேண்டுமென்றால் சக்கரத்திலும் டயரிலும் கை வைக்க வேண்டியிருக்கும், அது எனக்குச் சம்மதமில்லை. பெரிய பயணத்தின் நடுவே ஏதாவது கெட்டால், கேபிளைச் சாதாரண ரிப்பேர்க்காரர் ஒருவர் மாற்றிக் கொடுத்துவிடுவார். செயினை நகர்த்திக் கியரை மாற்றும் எலக்ட்ரானிக் டிரெய்லியருக்கு அந்த வசதி இல்லை.

இப்போது நீங்கள் முதலில் கேட்ட கேள்வி. எஃகோடு ஒப்பிட்டால் அலுமினியம் எடையில் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பிலும் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் குழாயைத் தடித்ததாகச் செய்து விறைப்பை ஈடுகட்டினார்கள். 1980களில் வந்த தடித்த குழாய்ச் சைக்கிள்கள், அந்தக் கால மெல்லிய டயர்களோடு, முதுகை உலுக்கின. "அலுமினியம் குலுக்கும்" என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. இன்றைய அலுமினிய ஃப்ரேமில் கார்பன் ஃபோர்க்கும், 27.2 மி.மீ. கார்பன் சீட் போஸ்ட்டும், 30 மி.மீ. டயரும் போட்டுவிட்டால், அந்தக் குறையில் பெரும்பகுதி போய்விடும். நல்ல அலுமினிய ஃப்ரேமுக்கும் நடுத்தர கார்பன் ஃப்ரேமுக்கும் எடை வித்தியாசம் பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள். ஒரு மணி நேர ஏற்றத்தில் அரைக் கிலோ என்பது இருபது வினாடி. பந்தயக்காரருக்கு அது பெரிது, அவர்களுக்கே 2000ஆம் ஆண்டிலிருந்து 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்ற விதி இருக்கிறது. கார்பனை எந்த இடத்தில் வளைய விடலாம், எந்த இடத்தில் விறைக்க வைக்கலாம் என்று அடுக்கு அடுக்காகத் தீர்மானிக்க முடியும், அதுதான் அதன் உண்மையான பலம். ஆனால் அந்தக் கைவேலை நன்றாகச் செய்யப்பட்ட ஃப்ரேம்கள் விலை கூடிய வரிசையில்தான் இருக்கும். மலிவான கார்பனும் சுமாரான பாகங்களும், நல்ல அலுமினியமும் நல்ல பாகங்களும் என்று இரண்டு தட்டில் வைத்தால் நான் இரண்டாவதையே எடுப்பேன். எஃகு பிடித்தால் அதுவும் தவறில்லை, அரைக் கிலோ, முக்கால் கிலோ கூடும், பல்லாண்டு உழைக்கும்.

பழைய கார்பன் ஃப்ரேமை வாங்க நினைத்தால், ஒளி சாய்வாக விழும்படி வைத்து விரல் நகத்தால் குழாய்களைத் தடவிப் பார்க்கச் சொல்வேன். மோதிய இடத்தில் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். நாணயத்தால் தட்டினால் நல்ல இடத்தில் கணீரென்றும் பிரிந்த இடத்தில் மொத்தென்றும் கேட்கும். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஃப்ரேமில் இன்னும் இரண்டு விஷயம். பாட்டம் பிராக்கெட் திருகு வகையாக இருக்கட்டும், பி.எஸ்.ஏ. அல்லது டி47. அழுத்திப் பொருத்தும் வகையில் துளையின் அளவு துல்லியம் சற்றே தவறினாலும் ஒவ்வொரு மிதியிலும் கிரீச்சிடும், அந்தச் சத்தத்தின் மூலத்தைத் தேடி நாட்கள் போகும். இரண்டாவது, கேபிளெல்லாம் ஸ்டெம்முக்குள்ளும் ஹெட்செட்டுக்குள்ளும் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங் பகுதி) மறைந்து போகும் வகை. பார்க்க அழகு. ஆனால் அவற்றில் பலவற்றில் ஸ்டெம்மை மாற்றவோ ஹெட்செட் பேரிங்கை மாற்றவோ பிரேக் ஹோஸைக் கழற்றி, எண்ணெய் வடித்து, மறுபடி காற்றெடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் நிலை இன்னும் தீர்மானமாகவில்லை. ஆறு மாதத்தில் ஸ்டெம்மை இரண்டு தடவையாவது மாற்றுவீர்கள், பத்து நிமிட வேலை அரைநாள் வேலையாகிவிடக் கூடாது. கேபிள் வெளியே தெரிகிற, அல்லது ஸ்டெம்முக்குக் கீழே மட்டும் நுழைகிற ஃப்ரேமையே தேடுங்கள். டிரெய்லியர் தொங்கும் ஹேங்கர் துண்டு ஒன்றைக் கூடுதலாக அன்றே வாங்கிவிடுங்கள், வண்டி வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான்.

கொஞ்சம் மிச்சம் பிடிக்க முடிந்தால் அதை டயருக்கும், திருகை அளவோடு இறுக்கும் ஒரு டார்க் ரெஞ்சுக்கும், உடம்புக்கேற்ப பைக்கை அமைத்துத் தரும் ஒரு ஃபிட்டருடன் இரண்டு மணி நேரத்துக்கும் செலவழியுங்கள். ஃபிட்டரிடம் பைக் வாங்கிய பிறகு போகாதீர்கள், வாங்கும் முன் போங்கள். உங்களுக்கு ஏற்ற ஸ்டாக், ரீச்சை அவர் எண்ணாகக் கொடுத்தால், நான் மேலே சொன்ன எண்களை அழித்துவிட்டு அவருடையதை வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் உடம்பைப் பார்த்திருப்பார், நான் இரண்டு எண்களை மட்டும் பார்த்தேன்.

வண்டி பூட்டித் தரும்போது கடைசியாக ஒன்று நடக்கும். ஸ்டெம்முக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டியரர் டியூபைப் பார்த்து, "இதை வெட்டிவிட்டால் பார்க்க நன்றாக இருக்கும்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்பேசரை மேலே மாற்றிப் போட்டுக்கொண்டு மூன்று மாதம், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்கள். வெட்டிய குழாயை மறுபடி நீட்ட முடியாது, ஹேண்டில்பார் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று அதற்குள் உங்கள் முதுகே சொல்லிவிடும்.